மூடிக்குள் ஒரு கீறல்

மல்லசமுத்திரம்
4-9-1944

கொழுந்தனார் அப்புசாமி அவர்களுக்குச் சௌந்திரம் எழுதிக்கொண்டது. இங்கே மாடு கன்று சுகம். என் சுகத்தைப் பற்றி உங்கள் பெரியப்பா எழுதியிருப்பார்.

பட்டாளத்துப் பார்சல் வந்துவிட்டது. பர்மா எல்லையில் லாரி பள்ளத்தில் உருண்டு, பல நாள் கழித்துக் கிடைத்த ஓர் உடலின் கையிலிருந்து கழற்றிய கடிகாரமாம். முகம் தெரியவில்லையாம். கூட வேலை பார்த்த ஒருவன் கடிகாரத்தைப் பார்த்துத்தான் உங்கள் அண்ணன் என்று சொன்னானாம்.

எனக்கு நம்பிக்கை இல்லை. மாமனார் போன சண்டையில் பஸ்ராவிலிருந்து கொண்டுவந்து அவருக்குக் கொடுத்த கடிகாரத்தில் பன்னிரண்டு மட்டும் சிவப்பாக இருக்கும். இதில் எல்லா எண்ணும் கறுப்பு. முள் வேறு, கண்ணாடி வேறு, தோல்வார் இருந்த இடத்தில் கித்தான் பட்டை. கடிகாரம் அவருடையது இல்லை என்றால் உடலும் அவருடையது இல்லைதானே?

உங்கள் பெரியப்பா நாச்சிமுத்துவோ இளம்பிள்ளைக்கு ஆளனுப்பி வெள்ளைச் சேலை வாங்கி வைத்துவிட்டார். "இன்னும் எத்தன நாளைக்குச் சாமி பொட்டு வெச்சுட்டிருப்பே? கருமாதிய முடிச்சுப் போடலாம்" என்று தினமும் ஒரு நடை வருகிறார்.

அவர் பட்டாளத்துக்குப் போவதற்கு முன் அண்ணனும் தம்பியுமாகச் சேலம் கைலாசத்திடம் அந்தக் கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தீர்கள். அவர் மூடியின் உள்பக்கம் தன் அடையாளத்தையும் வருஷத்தையும் ஊசியால் கீறினார் என்று இரண்டு பேரும் வந்து சொன்னீர்கள். அது இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் பார்த்து எழுதுங்கள். ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் வார்த்தைப்படி நடப்பேன்.

தங்கள் நங்கை
சௌந்திரம்

சூரமங்கலம்
11-9-1944

நங்கை அவர்களுக்கு அப்புசாமி நமஸ்காரம். பார்சல் பத்திரமாக வந்தது. ரயில்வே ஆபீஸில் வேலை முதுகை முறிக்கிறது, இரண்டு நாள் தாமதித்துத்தான் கைலாசத்திடம் போக முடிந்தது.

முகப்பு, முட்கள், கண்ணாடி எல்லாம் புதுசாம். உள்ளே வில்லும் ஒரு சக்கரமும்கூடப் பிறகு போட்டவையாம். "கடியாரம்னா அப்படித்தானுங்க, ஒண்ணு தேஞ்சா ஒண்ணு மாத்தறதுதான்" என்கிறார். இதை வைத்து ஒன்றும் முடிவாகச் சொல்ல முடியாது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கறவை மாட்டை விற்க வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மூடியின் விளிம்பில் கத்தி பட்ட புதுத் தடம் இருக்கிறது. அங்கே யாராவது திறந்து பார்த்தார்களா?

அப்புசாமி

மல்லசமுத்திரம்
15-9-1944

கொழுந்தனார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். வில் இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, மாடுகூட இருக்கிறது. மூடியைக் காணோம். நான் கேட்டது அது ஒன்றுதானே?

இங்கே யாரும் திறக்கவில்லை. பட்டாளத்தில் எவனாவது திறந்திருப்பான்.

உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் வருவது புதிதில்லை. என் அப்பா இறந்த அன்று, "வெறுங் காய்ச்சல்தானுங்க நங்கை, வாங்க போலாம்" என்று வண்டியேற்றிக் கூட்டிப் போனவர் நீங்கள். ஊர் எல்லையில் பறைச் சத்தம் கேட்டுத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. வழியெல்லாம் உங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு போனேனே என்று இன்றைக்கும் என் மனசு ஆறவில்லை.

கீறல் உண்டா, இல்லையா?

சௌந்திரம்

சூரமங்கலம்
20-9-1944

நங்கை அவர்களுக்கு,

மூடியைத் திறந்து வெளிச்சத்தில் வைத்து, பூதக்கண்ணாடியும் பிடித்துப் பார்த்துவிட்டேன். உள்பக்கம் மழமழவென்று இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. இது அண்ணன் கடிகாரமே இல்லை.

பெரியப்பாவுக்கும் தனியாக எழுதிவிட்டேன், கருமாதிப் பேச்சை எடுக்கக் கூடாது என்று. சண்டை முடியட்டும், எத்தனையோ பேர் திரும்பி வரத்தான் போகிறார்கள். அதுவரைக்கும் பொட்டும் பூவுமாக இருங்கள். என் வார்த்தையில் சந்தேகம் வேண்டாம், கடிகாரத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்களே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு வாரேன்.

அப்புசாமி

மல்லசமுத்திரம்
25-9-1944

கொழுந்தனாருக்கு,

திறந்து பார்த்தேன். நீங்கள் எழுதியபடியே மழமழவென்று இருக்கிறது.

நான் உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். பார்சல் வந்த மறுநாளே திருச்செங்கோட்டுக்கு எடுத்துப் போய், கடிகாரம் ரிப்பேர் செய்கிற மாதையனிடம் திறக்கச் சொன்னேன். கத்தித் தடம் அவனுடையது. "ஏதோ கிறுக்கியிருக்குதுங்க அம்மிணி" என்று காட்டினான். 'கை', அதன் கீழே 39. ஊசி வழுக்கி ஒன்பதின் வால் நீளமாக இழுபட்டிருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

பார்த்தும் அழுகை வரவில்லை. கண் ஏமாற்றியிருக்கும் என்று ஒரு நப்பாசை. அவரோடு கூடப் பிறந்தவர் வாயால் "ஆமாங்க நங்கை" என்று வந்துவிட்டால் அழுது தீர்த்துவிடலாம் என்றுதான் உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் அன்றைக்கு வண்டியில் செய்ததையே இன்றைக்கும் செய்துவிட்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, சோற்றையும் எனக்கே பரிமாறுகிறீர்கள். நல்ல மனசோடுதான் செய்தீர்கள், தெரியும். அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது. நான் அழுவதற்குக்கூட உங்கள் உத்தரவு வேண்டுமா?

பழைய மூடி அவர் மணிக்கட்டின் வியர்வை பட்டு ஓரமெல்லாம் கறுத்திருந்தது. எந்தெந்த ஊரிலோ முகப்பும் முள்ளும் வில்லும் மாறி, அது ஒன்றுதான் அவரோடு போய்த் திரும்பி வந்தது. அதை நீங்கள் மாற்றிவிட்டீர்கள்.

கருமாதி வருகிற ஞாயிற்றுக்கிழமை. நாள் குறித்தது பெரியப்பா இல்லை, நான்தான். முதல் பஸ்ஸிலேயே வாருங்கள். மூடியைக் கொண்டுவாருங்கள். எறிந்துவிட்டிருந்தால், அதை வாசலில் நின்று சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்.

சௌந்திரம்