ரோல் வீக்கம்

அன்புத் தங்கைக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். ஃபோன் செய்தால் "அடுப்புல வெச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்க்கா" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் பிரிவில் ஒன்றாக வேலை பார்த்தபோது, துணி ரோலை மார்போடு அணைத்துத் தூக்கி மேசையில் போடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? இடது பக்கம் கன்றிப்போய் வீங்கும். அதற்கு 'ரோல் வீக்கம்' என்று பெயர் வேறு வைத்து, லீவு விட்டால் வடிந்துவிடும் என்று சிரிப்போம். இங்கே இப்போதும் அதே பேச்சுதான். எனக்கு இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது பக்கத்து மேசைக்காரி, "ரோலு பட்டிருக்கும், வெந்நீர் ஒத்தடம் குடு" என்றாள். வலி இல்லாததால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். லீவு வந்து போனது. கட்டி போகவில்லை.

பயப்படாமல் படி. மார்பை அழுத்திப் படம் பிடிக்கும் மேமோகிராம் எடுத்தார்கள், ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய்தான்.

எனக்கு அதெல்லாம் ஒரே நோய் என்றுதான் நினைப்பு. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பால் குழாயில் தொடங்குவது உண்டு, பால் சுரப்பியில் தொடங்குவதும் உண்டு. சிலது தொடங்கிய இடத்திலேயே கிடக்கும், சிலது வெளியே பரவும். என்னுடையது குழாயில் தொடங்கி வெளியே வந்துவிட்டது. ஹார்மோனால் வளரும் வகையாம், ஆபரேஷனுக்குப் பிறகு பல வருஷம் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரைக்கு மசியாத வகையும் இருக்கிறதாம். "வலிச்சாலும் வலிக்காட்டியும் கட்டின்னா காட்டிடணும்மா. கைக்குத் தட்டுப்படறதுக்கு முன்னாடியே படத்துல பிடிச்சிருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கூட யாரு வந்திருக்கா?" என்று நர்ஸ் கேட்டாள். கைப்பையைத் தூக்கிக் காட்டினேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வீட்டில் அழுதால் அந்தச் சத்தம் எனக்கே திரும்பக் கேட்கிறது.

இனி உன் விஷயம். உங்கள் பக்கம் இலவச மார்பகப் பரிசோதனை முகாம் நடந்தபோது, "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று போகாமல் இருந்தாய். நானும் நன்றாகத்தான் இருந்தேன், அம்மாடி. கூடப் பிறந்தவளுக்கு வந்திருப்பதால் நீ கூடுதல் கவனமாக இருக்க வேண்டுமாம். அக்காவுக்கு இப்படி என்று சொல்லி, எப்போது, எப்படிப் பார்ப்பது என்று அங்கே டாக்டரிடம் கேள். கூச்சப்படாதே. மேமோகிராம் எடுப்பவளும் பெண்தான். ஒரு நிமிஷம் அழுத்தும், அவ்வளவுதான்.

ஆபரேஷன் அடுத்த மாதம். சூப்பர்வைசர் லீவு தந்துவிட்டார். எதிர்வீட்டு அம்மா சாப்பாடு கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், நீ அலைய வேண்டாம். சும்மா இருக்கப் பிடிக்காமல், நீ வந்தால் படுக்கும் உள்ளறைக் கட்டிலில் அடைத்து வைத்திருந்த சாமான்களை எல்லாம் இறக்கி, மெத்தையை வெயிலில் போட்டேன்.

என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இரு என்று வாழ்த்தி முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. உன் ஆயுசு உனக்கு, என் ஆயுசு எனக்கு. இரண்டு பேரும் இருப்போம். டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லு.

உன் அக்கா