நடப்பதற்கு இரண்டு பதில்கள்

ஜூலை 9, இரவு. மாட்டுங்கா.

உடற்பயிற்சி ஆர்வத்தை அளக்கும் ஆய்வு ஒன்றுக்காக, ஒரே கேள்விகளைப் போன வாரம் பூங்காவில் காகிதத்திலும் நேற்று போனில் வந்த படிவத்திலும் கேட்டார்கள். 'பிறர் வற்புறுத்துவதால் நடக்கிறேன்' என்பதற்குக் காகிதத்தில் 'முழு உண்மை' என்று குறித்தேன். போனில் எழுத்து பொடியாக இருந்ததால் மருமகள் வித்யா வாசித்தாள். அவளிடம் 'இல்லவே இல்லை' என்றேன்.

காலையில் அவள் ஹாலில் ஆன்லைன் யோகா வகுப்பு எடுக்கிறாள். குறுக்கே இருக்க வேண்டாமென்றுதான் நான் நடக்கப் போகிறேன். அவள் ஒருநாளும் போகச் சொன்னதில்லை. அப்படியானால் காகிதத்தில் குறித்தது நியாயமா?

இன்று ஆய்வு மாணவி கூப்பிட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அங்கிள், வற்புறுத்தல் கேள்விக்கு ரெண்டு பதிலும் நேர் எதிரா இருக்கே. எது கரெக்ட்?"

"போன்ல சொன்னதும்மா."

வைத்ததும் வித்யா சிரித்தாள். "நான் என்ன உங்களைத் துரத்தறேனாப்பா?"

என் பார்வை ஹால் மூலையில் சுருட்டி வைத்திருந்த அவள் யோகா பாய்மேல் போயிற்று. அதைக் கவனித்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"நாளையிலேர்ந்து கிளாஸை ரூம்ல வெச்சுக்கறேன். நீங்க ஹால்ல நிதானமா காபி குடிங்கோ."

இனி நடக்கக் காரணம் இல்லை. ஆனாலும் படுக்க வருமுன் ஷூவை வாசலில் எடுத்து வைத்துவிட்டேன். போவேனா என்பது காலையில்தான் தெரியும்.