காப்பித் தோட்டத்துப் பூஞ்சை

அன்புள்ள சுலெய்டி,

பேசினால் தொண்டை எரிகிறது, அதனால் எழுதுகிறேன். வாய்ப்புண் ஆறி வருகிறது. நேற்று சோறும் பீன்ஸும் சாப்பிட்டேன்.

நீ டாக்டர் இரசேமாவிடம் பேசியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "காசநோய்னு அஞ்சு மாசம் மாத்திர குடுத்தாங்க. சளியில கிருமியே இல்லன்னு மூணு தடவ வந்துச்சு. இவரு காப்பித் தோட்டத்து மண்ணுலயே கெடக்குற மனுஷன். வேற ஏதாவதான்னு பாருங்க டாக்டர்."

"நீங்க நர்ஸா?"

"இவரு பொண்டாட்டி. அது அதவிடப் பெரிய உத்தியோகம்."

அவர் சிரித்துவிட்டார். புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்து உன்னையும் பார்க்கச் சொன்னார். "கப்பல் ஓட்டுற சக்கரமாட்டம் இருக்கே!" என்று கத்தினாயே! மண்ணில் நூல் நூலாக வளரும் பூஞ்சையாம். மூச்சோடு உள்ளே போனதும், உடம்புச் சூட்டில் இப்படி உருவம் மாறிவிடுமாம்.

என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, என்னோடு ஒரு வார்த்தையும் பேசாமல் அக்கா வீட்டுக்கே திரும்பிப் போனாய். நியாயம்தான். காசநோய் என்று சொன்ன அன்றே, "ஒன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல, போயிடு" என்று விரட்டியவன் நான். அப்படிச் சொல்லாவிட்டால் நீ நகரமாட்டாய், உனக்கும் நோய் தொற்றிவிடும் என்று பயந்தேன்.

இன்று காலை டாக்டர் சொன்னார், இது ஆளுக்கு ஆள் தொற்றாதாம். கேட்டதும் அழுதுவிட்டேன். மாத்திரை மட்டும் ஒரு வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும்.

சனிக்கிழமை அனுப்புகிறார்கள். பஸ்ஸில் உன் அக்கா ஊரிலேயே இறங்கிவிடுவேன். நம் வீட்டுக்கு உன்னோடுதான் போவேன். நீ யோசித்து முடிக்கும்வரை அவள் வீட்டுக் கோழிக்கூட்டைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் முரட்டுப் புருஷன்