இரண்டு தடவை வந்த ஐஸ்

8-6-2009, திங்கள்

கவியரசன் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். சிவபாலன் பாண்டிச்சேரியில் வாத்தியார், அதுவும் அரசாங்க உத்தியோகம். இந்தப் பேரன்களுக்கெல்லாம் மேலே என் மகன் உத்திராபதி பெற்ற பூங்கொடி. எங்கள் தெருவில் இன்ஜினியருக்குப் படித்த முதல் பெண். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். அவள் கம்ப்யூட்டருக்கு எழுதுவது எனக்குப் புரியாது. யாராவது கேட்டால் புரிந்த மாதிரியே சொல்லுவேன்.

இப்போது ஊருக்கு வந்திருக்கிறாள். படகுக்காரர்கள் செல்போனில் ஒரு சேதி அனுப்பினால் ஹமீது பாயின் ஐஸ் கம்பெனியிலிருந்து லாரி கரைக்கு வந்துவிடும். அப்படி ஒன்று செய்திருக்கிறாள். இங்கே நன்றாக ஓடினால்தான் மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோவார்களாம். இல்லையென்றால் இதோடு நிறுத்திவிடுவார்களாம்.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்றேன். மேகத்தில் என்றாள். முறைத்தேன். வெளிநாட்டில் எவனோ வைத்திருக்கும் மெஷின்களை வாடகைக்கு எடுத்திருக்கிறார்களாம். ஒன்று விழுந்தால், நின்றுபோவதைத்தான் அப்படிச் சொல்கிறாள், இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ளுமாம். கண்ணால் பார்த்தாயா என்று கேட்டேன். யாருமே பார்த்ததில்லை என்று சிரிக்கிறாள். பார்க்காத வீட்டுக்கு வாடகையா?

10-6-2009

ஐஸ் வந்தது. மெய்தான்.

12-6-2009, வெள்ளி

ஐஸ் இரண்டு தடவை வந்தது. உத்திராபதி ஒரு தடவைதான் கேட்டான், நான் பக்கத்திலேயே இருந்தேன். படகில் ஏற்றி முடித்த பிறகு இன்னொரு லாரி வந்து நிற்கிறது. இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அத்தனையும் வெயிலில் கரைந்து மணலோடு போனது.

ஹமீது பாய் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஐஸ் விற்க வேண்டுமே அவருக்கு.

14-6-2009, ஞாயிறு

மற்ற படகுகளுக்கும் இதே கதை. ஹமீது பாய் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "உங்க பேத்தி மெஷின் ரெண்டு தடவ கேக்குது, நான் ரெண்டு லாரி அனுப்புறேன். என்னைய ஏன் மொறைக்கிறீங்க?" என்றார். பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் இன்னும் சந்தேகம்.

மாரிக்கண்ணு மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொல்கிறாள்: "ஒம் பேத்தி கை தாராளம் அஞ்சுகம். ஒண்ணு கேட்டா ரெண்டு குடுக்குது." நான் அன்றைக்கு அவளிடம் மீன் வாங்கவில்லை.

16-6-2009

பெங்களூரிலிருந்து செந்தில்குமார் என்று ஒருவன். பூங்கொடியோடு வேலை பார்ப்பவனாம். சோறு போட்டு வைத்தால் சரியாக அப்போதுதான் போனில் கூப்பிடுகிறான். "செத்துப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு அது எடுத்துக்குது" என்று இவள் சொல்கிறாள். யார் செத்தது? எதை எடுத்துக்கொள்கிறது?

இவள் பேர் கெட்டால் அவன் பேர் ஏறும். அதுதான் சங்கதியோ? நேராகவே கேட்டேன். "அப்பாயி, அவன் ராப்பகலா எனக்காகத்தான் பாத்துக்கிட்டிருக்கான்" என்றாள்.

எனக்காகவாம். அது வேறு இருக்கிறதா.

17-6-2009

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து. மெஷின் வேண்டுமா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவு. பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

18-6-2009, வியாழன்

காலையில் உத்திராபதி கடலுக்குக் கிளம்பச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இவள் ஏதோ நினைப்பில், "எப்பப்பா கெளம்புறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அவன் ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான். கடலுக்குப் போகிறவனை எப்போது, எங்கே என்று கேட்கிறதா? அபசகுனம். கேட்டாலும் எவன் பதில் சொல்வான்? ஹாஸ்டலிலேயே இருந்து இதுகூட மறந்துபோச்சா என்று ஏசினேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

ஐஸ் கேட்டவுடன் அந்த மெஷினும் அதைத்தான் கேட்டிருக்கிறது, எப்போது புறப்படுகிறீர்கள் என்று. முதல் நாள் இவளே உட்கார்ந்து பதில் போட்டாளாம், அதனால் தப்பு தெரியவில்லை. அப்புறம் படகுக்காரர் ஒருத்தரும் பதில் போடவில்லை. கேள்வியை அழித்துவிட்டு, அதைப் பற்றி வாயும் திறக்கவில்லை. பதிலுக்காக ஒரு மெஷின் காத்திருக்க, அது செத்துவிட்டது என்று இன்னொன்று வேலையை முதலிலிருந்து தொடங்கி, மறுபடி ஐஸ் கேட்டிருக்கிறது.

"சத்தம் இல்லன்னா செத்துப்போச்சுன்னு எழுதி வச்சிட்டேன் அப்பாயி. அது உசுரோடதான் இருந்துச்சு."

யாரிடமும் சொல்லாதே, வெளிநாட்டு மெஷின் மேல் பழியைப் போட்டுவிடு என்றேன். கம்ப்யூட்டரை மூடிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். அப்பனைப் போலவே.

21-6-2009, ஞாயிறு

பஞ்சாயத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து பூங்கொடி எழுந்து நின்றுவிட்டாள். சேலையைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை.

"ஐஸ் கம்பெனி மேல தப்பு இல்ல. படகு மேலயும் இல்ல. நம்ம கரையில கேக்கக் கூடாதத நான் கேட்டுட்டேன்" என்றாள். கேள்வியை எடுத்துவிட்டாளாம். இனி ஒவ்வொரு தடவை ஐஸ் கேட்பதற்கும் ஒரு நம்பராம். எத்தனை மெஷின் எத்தனை தடவை சொன்னாலும் ஒரு நம்பருக்கு ஒரு லாரிதானாம்.

தலைவர் நடராசன் கேட்டார், மறுபடி மெஷின் விழுந்தால்?

"விழும். விழும்னு வச்சுக்கிட்டுத்தான் இப்ப எழுதியிருக்கேன்."

தன் சரக்கு விழும் என்று எவளாவது சபையில் சொல்வாளா? ஹமீது பாய்தான் முதலில் தலையாட்டினார். பிறகு நடராசன், விழாது என்று சொல்லியிருந்தால் இன்றோடு நிறுத்தியிருப்பேன் என்றார்.

ஆக, ஓடட்டும் என்று முடிவு. ஹமீது பாய் ஏன் தலையாட்டினார்? யோசிக்க வேண்டும்.

2-8-2009, ஞாயிறு

பூங்கொடி பெங்களூர் போய் ஒரு மாதம் ஆகிறது. நாகப்பட்டினம் பக்கமும் இந்த மெஷினைக் கேட்டிருக்கிறார்களாம்.

இன்றைக்கு டவர் கிடைக்கவில்லை. உத்திராபதி அதே நம்பர் சேதியைத் திரும்பத் திரும்ப அமுக்கினான். ஒரு லாரிதான் வந்தது. நான் வெயில் ஏறும்வரை கரையிலேயே நின்றேன். வேறு வரவில்லை.

மாரிக்கண்ணு வந்து, பூங்கொடி போட்டோ ஏதும் வைத்திருக்கிறாயா என்கிறாள். அவள் அக்கா பேரனுக்காம். திடீரென்று என்ன பாசம்? காட்டுவேன், கையில் கொடுக்க மாட்டேன். ஆனால் இருப்பது ரெட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடத்துப் படம்.

பஞ்சாயத்தில் நின்றாளே, அந்த முகம் எனக்கு வேண்டும். புதுசாக ஒன்று எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் அனுப்புகிறேன் என்பாள், வேண்டாம், தபாலில் வரட்டும். வந்தது என்று நான் சொல்லாவிட்டால் இன்னொன்று அனுப்பட்டும். இரண்டு வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வேன்.