மருமகள் கொண்டுவரும் போத்தல்

மார்ச் 1, ஞாயிறு
மருமகள் தினேஸ்வரி புந்தோங்கிலிருந்து வரும்போதே நாலு போத்தல் தண்ணீரோடு இறங்கினாள். ஆர்த்திகாவுக்காம். இந்தச் சுங்காய்த் தோட்டத்து மலைத்தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்துத்தான் இவள் புருஷனை வளர்த்தேன். என் வீட்டுத் தண்ணீர் என் பேத்திக்கு ஆகாதா?

மார்ச் 8
மகன் ஜெயபாலன் அடுப்படிச் சுவரில் ஒரு குழாய் மாட்டினான். உள்ளே நீல விளக்கு. வடிகட்டி மண்ணைப் பிடிக்குமாம். கண்ணுக்குத் தெரியாத வைரஸை வெளிச்சம் முடக்கிப்போடுமாம்.
"இனிமே காய்ச்ச வேணாம்மா. ஆனா இது எரிஞ்சுக்கிட்டே இருக்கணும்."
சரி சரி என்றேன். அஞ்சாம் வகுப்புப் படித்தவளுக்கு விளக்குப் போடத் தெரியாதா?

ஏப்ரல் 12
போத்தல் வரவில்லை. ஆர்த்திகா என் குழாய்த் தண்ணீரை இரண்டு குவளை குடித்தாள். தினேஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கட்டும்.

மே 30
விடுமுறைக்கு என்னிடம் விட்ட பிள்ளை. நேற்றிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். வைரஸ், தண்ணீரால் இருக்கலாம் என்றார் டாக்டர். தினேஸ்வரி ஓடிவந்தாள்.
"நான் அப்பவே பயந்தேன் அத்தை."
என்ன பயம்? விட்டுப் போன அன்று பாசார் மாலாம் ராச்சந்தையில் ஐஸ் வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டுவிட்டேன். சாப்பிடாமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜூன் 2
அந்தத் தண்ணீர் மெஷினை விற்ற பையனை வரச்சொல்லி ஏசினேன். அவன் குழாயடியில் இருந்த எண்ணைப் பார்த்தான்.
"மெஷின் நல்லாதான் இருக்கு லா, பாட்டி. விளக்கு எரியிற நாள மட்டும் கழிக்கும். முந்நூத்தி அறுபத்தஞ்சுல ஆரம்பிச்சது, இப்ப எரநூத்தி எம்பது கிட்ட காட்டணும். முந்நூத்தி அம்பத்திரண்டு காட்டுது. யாராச்சும் அணைக்கிறாங்களா?"
அவனை அனுப்பிவிட்டேன்.
பொழுது சாய்ந்தால் போடுவேன், படுக்கும்போது அணைப்பேன். எல்லா விளக்கையும் போலத்தான். பகலில் விளக்கு எரிந்தால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணி லயத்து வீட்டுக்கே வந்து ஏசிய காலத்துப் பழக்கம். அப்படியென்றால் பகலெல்லாம் தண்ணீர் இருட்டுக் குழாயில்தான் ஓடியிருக்கிறது. அதைத்தான் பிள்ளைக்குக் கொடுத்தேன்.
ஜெயபாலன் சொன்னானே. காதுல விழுந்துச்சே. ஏன்டி சரி சரின்னு சொன்ன, பெரிய இவளாட்டம்—

ஜூன் 3
தினேஸ்வரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சாப்பிட்டீங்களா அத்தை?" என்றாள். அதில்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஜூன் 21, ஞாயிறு
வந்தார்கள். ஆர்த்திகாவின் கன்னம் தேறியிருக்கிறது. போத்தல் இல்லை. குழாயைத் திறக்குமுன் தினேஸ்வரி நீல வெளிச்சம் எரிகிறதா என்று பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்புறம்தான் குவளையை நீட்டினேன்.