இரண்டு குத்துவாள்கள்

ரஜப் 4, வெள்ளி

இன்றும் அவமானம். இமாம் யூனுஸ் பிரசங்கத்தில், முஸ்லிம்கள் தமக்குள் அடித்துக்கொள்ளும் குழப்பக் காலத்தில் வீட்டில் உட்கார்ந்திருப்பவனே உத்தமன் என்றான். தொழுகை முடிந்ததும் எழுந்தேன். ஒரு கூட்டம் வரம்பு மீறினால் அது பணியும்வரை அதை எதிர்த்து நிற்கச் சொல்லும் குர்ஆன் வசனத்தை எடுத்துச் சொன்னேன். போர்நிறுத்தத்தை மீறி நகரச் சந்தையில் குண்டு போட்டது மலைப்படை. மலைக்கு ஏறும் கணவாய்ப் பாதையை அடைக்கும் சங்கிலி எங்கள் ஊர்க் கையில். அதை அவிழ்த்து நகரப்படையை மேலே விடுவது நம் கடமை.

"எந்த மதரஸாவுல ஓதினீங்க, முக்பில் பெரியப்பா? பம்பு செட்டுலயா?" என்றான் யூனுஸ்.

பள்ளிவாசலே சிரித்தது. ஆமாம், பம்பு எஞ்சின் பிரித்த கையால்தான் புரட்டினேன். என் கிதாபுகளில் எண்ணெய்க் கறை இருக்கிறது. அதனால் வசனம் மாறிவிடுமா?

ரஜப் 6

குர்ஆன் விரிவுரை நூல்கள் மூன்றையும் மறுபடி பார்த்தேன். நான் சொன்னதே சரி.

ரஜப் 9

ஊர்த் தலைவர் வீட்டில் காத் இலை மென்றபடி வாதம். நபிக்குப் பின் வந்த முதல் பிளவில் நல்லவர்கள் பலர் ஒதுங்கினார்கள் என்றான் யூனுஸ். அவர்களைவிட நல்லவர்கள் ஒரு பக்கம் சேர்ந்து நின்றார்கள் என்றேன். "சங்கிலி பூட்டிக் கிடந்தா மேல இருக்கறவனுக்கு லாபம். இதுக்குப் பேரு ஒதுங்குறதா?" 18ஆம் தேதி, வெள்ளியன்று திறப்பது என்று முடிவாயிற்று.

வீட்டில் மனைவி தகிய்யா கேட்டாள்: "ஜெயிச்சிட்டீங்களாக்கும்? மேல உங்க தம்பி துப்பாக்கியோட நிக்கறான். அது ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா?

ரஜப் 12

மலையிலிருந்து இறங்கிய தேன்காரனிடம் தம்பி தப்வானின் கடிதம். "அண்ணே, சந்தையில குண்டு விழறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்க கிணத்தடியில பதினோரு பேரைக் கொன்னது நகரப்படை. அது உங்க ரேடியோவுல வராது. நீ சொல்ற அதே வசனத்தைச் சொல்லித்தான் நானும் துப்பாக்கி எடுத்தேன்."

பொய் சொல்லமாட்டான். அவன் வாதத்தில் ஓட்டை தேடினேன். கிடைத்தால் அது என் வாதத்திலும் இருக்கிறது.

ரஜப் 13

சே! முப்பது வருடம் கிணற்றுச் சண்டைக்கும் வரப்புச் சண்டைக்கும் பஞ்சாயத்து பண்ணியவன் நான். தீர்ப்புக்குக் கட்டுப்படுவதற்கு ஈடாக இரு தரப்புக் குத்துவாளும் என் மடிக்கு வராமல் ஒரு சொல் கேட்டதில்லை. வாளைத் தராதவன் வழக்கில் தோற்றவன். இந்த வழக்கில் ஒரு வாளும் வாங்காமல் தீர்ப்பே சொல்லிவிட்டேன்!

வசனமும் அப்படித்தானே தொடங்குகிறது — முதலில் சமாதானம் செய்யுங்கள் என்று. பாதியிலிருந்து ஓதியிருக்கிறேன்.

ரஜப் 14

நான் மனம் மாறியது கேள்விப்பட்டு யூனுஸ் வந்தான். காபி கொடுக்கவில்லை.

"அப்ப நான் சொன்னதுதானே சரி, பெரியப்பா?"

"நீ உக்காருன்னு சொன்னே. வசனம் எந்திரிச்சுப் போன்னு சொல்லுது. உன்னுது என்னுதைவிடப் பெரிய தப்பு."

இரு தளபதிகளிடமும் வாள் கேட்கப் போகிறேன்; நான் திரும்பும்வரை சங்கிலி பூட்டியிருக்கும். எவன் வாளைத் தர மறுக்கிறானோ அவனே வரம்பு மீறியவன். ஊர் ஒப்புக்கொண்டது. நகரமோ மலையோ, யாராயிருந்தாலும்.

ரஜப் 16

நகரத் தளபதி மூன்று மணி நேரம் வெயிலில் காக்க வைத்தான். கிணற்றடியைச் சொன்னதும் முகம் கறுத்தது. "அதையும் விசாரிப்பீங்களோ?" "அதைத்தான் முதல்ல." கடைசியில் வாளைத் தந்தான்.

ரஜப் 17

மலைத் தளபதி சிரித்தான். "பம்பு ரிப்பேர்காரனுக்கு வாளா? போய் மோட்டாரைப் பாருங்க, பெரியவரே." இரண்டாம் முறை கேட்டேன். மூன்றாம் முறையும் கேட்டேன். கேட்காமல் விட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. தர மறுத்துவிட்டான்.

தப்வான் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பாதி இறக்கத்தில் பின்னால் காலடி; தப்வான். இடுப்பு வாரை அவிழ்த்துத் தன் குத்துவாளை என் மடியில் வைத்தான்.

"அவரு தரல. வசனம் எனக்கும்தானே, அண்ணே."

ரஜப் 18, வெள்ளி

நகரப்படைக்காகப் பூட்டைத் திறந்தேன். துரு ஏறிய சங்கிலி, தனியாக இழுக்க முடியவில்லை. மறுமுனையைத் தப்வான் பிடித்தான்.