ஆணையாளரிடம் இருக்கும் சாவி

கரியாலூர்
17-9-87

அன்பு மாமாவுக்கு,

அம்சவள்ளி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான், முடியவில்லை. ஊரில் வாந்திபேதி. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியின் குழந்தை காலையில் போய்விட்டது. நர்சம்மா, நர்சம்மா என்று என் முகத்தையே பார்க்கிறார்கள். கிணற்றில் போட பிளீச்சிங் பவுடர் ஒரு பிடிகூட இல்லை. முன்பு பஞ்சாயத்துத் தலைவரே மலைக்குக் கீழே கடையில் வாங்கிவிடுவார். எல்லா ஊருக்கும் சேர்த்துப் பஞ்சாயத்து ஒன்றிய ஆபீசே வாங்கும் என்று உத்தரவு வந்தபின் கையைப் பிசைகிறார். ஒன்றிய ஸ்டோர் கிளார்க்கான உங்களைக் கட்டிக்கொண்டு என்ன கண்டேன்? சாலையெல்லாம் மறியல்காரர்கள் மரத்தை வெட்டிப் போட்டிருப்பதால் தபால் இல்லை. இந்தக் கடிதத்தோடு நம் ஊர்க் காத்தான் மலையிறங்கி நடந்து வருகிறார், பவுடரை அவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அம்சா

கள்ளக்குறிச்சி
18-9-87

அன்புள்ள அம்சா,

நீ கோபப்படுவது நியாயம்தான். பவுடர் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஆனால் மொத்தமாக வாங்கிய சரக்குக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி என்னிடம், மற்றது ஒன்றிய ஆணையாளரிடம். கடலூர் கூட்டத்துக்குப் போனவர் இடஒதுக்கீட்டு மறியலில் வழியில் மாட்டிக்கொண்டார். "பூட்டுல கைவெச்சா வேல பூடும் வீரமுத்து" என்கிறார் மேனேஜர் ராமசாமி. பயமாக இருக்கிறது. தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

வீரமுத்து

கரியாலூர்
19-9-87

அன்பு மாமாவுக்கு,

"சாவி ஆபீசருகிட்ட இருக்குதாம்" என்று காத்தான் சொன்னதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அதே கிணற்றுக்குத்தான் போனார்கள். மழையில் விறகு நனைந்து கிடக்கிறது, எதை வைத்துக் காய்ச்சுவது? காலையிலிருந்து எனக்கும் வயிறு சரியில்லை. நீங்கள் பயப்படாதீர்கள்.

அம்சா

கள்ளக்குறிச்சி
20-9-87

அம்சா,

என் பூட்டைத் திறந்து, ஆணையாளரின் பூட்டை உடைத்துவிட்டேன். "இன்னா காரியம் பண்ணிக்கினு இருக்கற" என்று ராமசாமி கத்தினார். வேலை போனால் போகட்டும், நீ எனக்கு வேண்டும். காத்தானிடம் ஒரு மூட்டை தருகிறேன், அவர் குறுக்குவழியில் முன்னே வருவார். ஸ்டோரை மறுபடி என் பூட்டால் பூட்டிவிட்டு, இன்னொரு மூட்டையைச் சைக்கிளில் கட்டி, சாலை வழியாக நானே கொண்டுவருகிறேன். மறியல்காரர்கள் நம் சனம்தான், விட்டுவிடுவார்கள். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டே இரு.

வீரமுத்து

கரியாலூர்
24-9-87

அன்பு மாமாவுக்கு,

எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன். காத்தான் கொண்டுவந்த பவுடரைக் கிணற்றில் போட்டோம். புதிதாக யாருக்கும் வரவில்லை. நானும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள்தான் வரவில்லை. வெட்டிய மரத்தருகே நின்றவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றியபோது, மூட்டை கட்டிய சைக்கிளோடு வந்த ஒருவரையும் சேர்த்து ஏற்றினார்களாம். எந்த ஜெயில் என்று சொல்ல ஆளில்லை. எங்கோ சுட்டார்கள் என்றும் பேசிக்கொள்கிறார்கள், அதை நான் காதில் வாங்கவில்லை.

மறியல் முடிந்து இன்றுதான் முதல் பஸ் வந்தது. ராமசாமி சீட்டு அனுப்பியிருக்கிறார். ஆணையாளர் வந்து சாவியைத் தந்துவிட்டாராம். உங்களிடமிருந்த சாவி எங்கே என்று என்னைக் கேட்கிறார். உங்கள் சட்டைப்பையில்தானே இருக்கும், மாமா? நான் என்ன பதில் எழுதட்டும்?

அம்சா